புகைக்குக் காற்றூட்டும் பம்ப்

1

"ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. காற்று பம்ப்: இருக்கிறது, இயங்கவில்லை. முடிவு: தேறவில்லை."

புகைச் சோதனை நிலையத்தில் கொடுத்த ஆங்கிலத் தாளை அன்று மாலை என் நாட்குறிப்பில் இப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன். உரிமையாளர் பெயர் வரும் இடத்தில் 'கைல்' என்று அச்சாகியிருந்தது. அது என் மகள் கயல். இங்கே கைல் என்பது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். திருத்தச் சொல்லி ஒருமுறை எழுதிப் போட்டோம். எழுத்தை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் திருத்தி, 'திருமதி கைல்' என்று அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. சிரித்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரெஸ்னோ என்ற ஊரில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். உலர்திராட்சைக் கிடங்கு ஒன்றில் ஈரப்பதம் பார்ப்பது என் வேலை. கிழக்கே பனிமலை இருக்கிறது. கோடையில் புழுதியும் குளிர்காலத்தில் மூடுபனியும் மறைப்பதால், வருடத்தில் சில வாரங்கள்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

கயலின் வண்டி 1977ஆம் வருடத்தியது. நான்கு சக்கரமும் இழுக்கும், மலையேறும் வண்டி. நம் ஊரில் இப்படி இருப்பதையெல்லாம் ஜீப் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே சொல்கிறேன். இந்த மாநிலத்தில் அந்த வயது வண்டிக்கும் புகைச் சோதனை உண்டு. புகை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் என்னென்ன உறுப்புகள் இருந்தனவோ அத்தனையும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், இயங்கவும் வேண்டும். அவற்றில் ஒன்று, இன்ஜினின் பக்கவாட்டில் பெல்ட்டில் சுழலும் ஒரு சின்ன பம்ப். தேங்காய் அளவுதான் இருக்கும். வண்டியை ஓட்டுவதற்கு அது தேவையே இல்லை. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகைக்குள் நல்ல காற்றை ஊதும். எரியாமல் மிஞ்சியது போகிற வழியிலேயே எரிந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

டிசம்பரில் கயலுக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை. பனியின் ஆழத்தை அளந்து, வசந்தத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குச் சொல்லும் வேலை. மலையேறும் சொந்த வண்டி வேண்டும். ஜீப் நவம்பருக்குள் தேறினால் அதிலேயே போவதாகவும், இல்லையென்றால் உதிரிப் பாகங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டுப் புது வண்டி வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னாள். பானெட் மூடியிருந்தது, அதனால் ஆங்கிலம்.

இதை விளக்க வேண்டும்.

2

நான்கு வயது வரை கயல் நன்றாகத் தமிழ் பேசினாள். பள்ளிக்குப் போன முதல் வருடத்தில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது. பிறகு கேட்பதும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு வருடம் 'அணில், ஆடு' படித்தாள். அணில் தெரியும், ஆடு தெரியும், அவை வந்தால் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில், ஒரு தோட்டக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த இந்த ஜீப்பை வாங்கி வந்தாள். சனிக்கிழமை காலைகளில் இருவரும் அதைப் பிரித்துப் போட்டோம். குனிந்து வேலை செய்யும்போது என் வாயில் தானாகத் தமிழ் வந்தது. நான் வேறெந்த மொழியிலும் நட்டு திருகியதில்லை. இறுக்காதே, மரை போயிடும். மெல்ல விடு. அந்தக் காதைப் பிடி. அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். ரேடியேட்டர் மூடிக்குத் தொப்பி என்று பெயர். காற்று வடிகட்டி மூக்கு. எண்ணெய் கசிந்தால் அழுகிறது. பெல்ட் கிறீச்சிட்டால் பாடுகிறது. நான்கு வருடங்களில், பானெட்டுக்குக் கீழே மட்டும் புழங்கும் ஒரு தமிழ் எங்கள் இருவருக்கும் உண்டாகிவிட்டது. பானெட்டை மூடியதும் அதுவும் மூடிக்கொள்ளும்.

இந்த வண்டி போனால் அந்தப் பேச்சும் போய்விடும். புது வண்டியின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் இருக்கிறது. அங்கே பேச ஒன்றுமில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பம்பைக் கழற்றிக் கொடு, பார்க்கிறேன் என்றேன்.

"செத்துப்போச்சாப்பா?" என்று கேட்டாள்.

கையால் சுழற்றிப் பார்த்தோம். உள்ளே எதுவோ உரசி, நின்று, மறுபடி உரசியது. புதிய பம்ப் இப்போது தயாராவதில்லை. பழையது ஒன்று கிடைத்தது, அதன் நிலை இதைவிட மோசம். செப்டம்பர் கடைசியில் நான் எப்படியும் தாம்பரம் போகவிருந்தேன். வேட்டி சட்டைகளுக்கு நடுவில் பம்பைச் சுற்றி வைத்துக்கொண்டேன்.

3

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். 'ஏர் பம்ப்' என்றேன். அந்த அதிகாரி என்னையும் பம்பையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்க இவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். புகைக்குக் காற்றடிப்பது என்று விளக்கினேன். அவர் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் என் அண்ணன் வீடு. அந்த இடத்தில் நெல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2015இல் ஆள் உயரத் தண்ணீர் இருந்ததைப் படத்தில் பார்த்திருக்கிறேன். இப்போது எதிரே ஐந்து மாடி. தூக்கம் தலைகீழாகிக் கிடந்த முதல் வாரத்தில், விடிவதற்கு முன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். ரயில் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது என்று அண்ணன் அடித்துச் சொன்னான். எனக்குக் கேட்டது. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போகும் பழைய மஞ்சள் பழுப்பு மின்ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று புறப்படும் முனகல். அந்த ரயில்கள் ஓடுவது நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஃப்ரெஸ்னோவின் ஈரப்பத அறையில் ஓடும் விசிறியின் சத்தமும் அதுதான் என்று அப்போதுதான் தோன்றியது. எந்த ஊரில் உட்கார்ந்து எதைக் கேட்கிறேன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க விருப்பமும் இல்லை. அண்ணி காபியோடு வந்து, புரட்டாசிச் சனி, திருநீர்மலைக்குக் கூட்டம் சேருவதற்கு முன் போக வேண்டும், எழுந்திரு என்றார்.

திங்கட்கிழமை முடிச்சூர் சாலையில் ஜெசிந்தா அக்காவின் பட்டறைக்குப் போனேன். அக்கா எங்கள் பழைய தெருவில் நான்கு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய அப்பா அச்சக இயந்திரங்களின் காற்று பம்புகளைப் பழுது பார்ப்பவர். அவருக்குப் பிறகு அக்கா பார்க்கிறார். அச்சகங்கள் குறைந்துவிட்டதால் இப்போது பல் மருத்துவர்களின் கம்ப்ரசர்தான் அதிகம். பக்கத்துப் பல் மருத்துவமனைகளில் பாதி தன் தயவில்தான் எச்சில் உறிஞ்சுகிறது என்று சொல்லிக்கொள்வார்.

எமிஷன் பம்ப் என்று ஆரம்பித்தேன்.

"மிஷின் பம்புன்னு தெரியுது ரவி. எந்த மிஷினுது?"

மிஷின் இல்லை, எமிஷன் என்று திருத்தினேன். முப்பது வருடம் அமெரிக்காவில் இருந்து இந்த 'எ' ஒன்றைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா என்றார். புகையில் காற்று ஊதும் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நான்கு திருகுகளைக் கழற்றிவிட்டார்.

"அது வூட்ட வுட்டு வெளிய போய்கினு கீது. போறதுக்குப் பின்னாடியே ஓடி காத்து ஊட்டி வுடறியா நீ?"

மேசையில் பம்பின் உள்ளே இருந்தவற்றை வரிசையாக வைத்தார். நடுவில் சுழலும் உருளை. அதன் பிளவுகளில் செருகிய கரித் தகடுகள். சுழலும்போது அவை வெளியே நீண்டு சுவரைத் தடவிக்கொண்டே காற்றைத் தள்ள வேண்டும். தகடுகள் ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தன. பின்பக்க பேரிங் போயிருந்தது. அச்சக பம்பும் இதே சாதிதான், எண்ணெய் படாமல் ஓடுவது, ஆனால் இந்தக் கனத்தில் தகடு கடையில் கிடைக்காது, வேறு ஏதாவதில் வெட்டிக்கொள்ளலாம், புதன்கிழமை வா என்றார். தகட்டுக்குப் பட்டறையில் என்ன பெயர் என்று கேட்டேன். கயல் கேட்கச் சொல்லியிருந்தாள்.

"ரெக்கை," என்றார் அக்கா.

4

அந்தப் புதன்கிழமை ஆயுத பூஜை.

அக்கா கிறிஸ்தவர். ஆனாலும் பட்டறையில் பூஜை நடக்கும். வேலை செய்யும் இருவரும் பூஜை போடாத லேத்தைத் தொட மாட்டார்கள் என்பதால் அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் அக்கா செலவு. பூஜை நேரத்தில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூசணிக்காயை ரோட்டு நடுவில் உடைக்காதீர்கள், பைக்காரன் விழுவான் என்று அதட்டுவதோடு அவர் பங்கு முடிந்துவிடும்.

நான் போனபோது எல்லாம் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, செய்தித்தாள் விரித்த பலகையில் அடுக்கியிருந்தார்கள். டிரில், வைஸ், ஸ்பேனர்கள், ஒரு பல் மருத்துவரின் கம்ப்ரசர், அதன் பக்கத்தில் எங்கள் பம்ப். அதற்கும் பொட்டு. மேலே ஒரு சாமந்தி. முந்தின நாள்தான் முடித்ததாக அக்கா சொன்னார். கற்பூரம் காட்டிய பிறகு பலகை முழுவதும் பொரியைத் தூவினார்கள். எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். நானும் தூவினேன். உள்ளங்கையிலிருந்து பொரி உதிரும்போது சத்தமே வரவில்லை. வெயில் ஷட்டர் வழியாகச் சாய்ந்து வந்து அத்தனை இரும்பின் மேலும் நின்றது. வெகுநேரம் அப்படியே இருந்த மாதிரி ஒரு நினைவு. உண்மையில் சில விநாடிகள்தான் இருந்திருக்கும்.

பம்பைச் சுழற்றிக் காட்டினார். குழந்தை தூங்கும்போது வரும் மூச்சு மாதிரி ஒரு காற்று வந்தது. கூடவே ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தார். வெட்டியது போக மிஞ்சிய கரித் துண்டு. டெய்லர் மிச்சத் துணியைக் கொடுப்பது போல, மிஞ்சியதைத் திருப்பிக் கொடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

திரும்பி வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் வழக்கமான கேள்வி. விதை, தானியம், உணவுப் பொருள் ஏதாவது? இல்லை என்று மனச்சாட்சியோடு சொன்னேன். ஊறுகாய்கூட இந்த முறை கொண்டுவரவில்லை. பம்பின் மேலிருந்த குங்குமத்தை ஒரு பஞ்சால் ஒற்றிச் சோதித்த அதிகாரி, இது என்ன சிவப்பு என்றார். நம் ஊரில் வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கு நன்றி சொல்வோம் என்றேன். தன் மடிக்கணினிக்கும் ஒரு பொட்டு வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு என்னை அனுப்பிவிட்டார்.

5

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை பம்பைப் பொருத்தினோம். கயல் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, "போதுமாப்பா? இல்ல இன்னும் கொஞ்சமா?" என்றாள். போதும் என்றேன். வண்டியைக் கிளப்பினாள்.

முதலில் அந்த மூச்சு. பிறகு நறுக்கென்று ஒரு சத்தம், பெல்ட் அலறல், புகை. அணைத்துவிட்டாள். பிறகு அவள் முகத்தைத் தூக்கி மோந்தாள். யாரோ எங்கேயோ பாப்கார்ன் கருக்கிவிட்டார்கள் என்றாள்.

பம்பைக் கழற்றிக் கவிழ்த்தோம். மேசை விளக்கின் கீழே வெள்ளையாகப் பொடி கொட்டியது. அதில் உடையாத பொரி நான்கைந்து. பாதியாகப் பிளந்த ஒரு பொட்டுக்கடலை. பூஜைப் பலகையில் காற்று நுழையும் துளை மேல் பார்த்து இருந்திருக்கிறது. அவர்கள் தூவியதா, நான் தூவியதா, தெரியாது. உணவுப் பொருள் எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசாங்கத்திடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது. கயலிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குச் சற்று நேரமானது.

ஆனால் ஒரு ரெக்கை மூலையில் உடைந்திருந்தது. ஒன்று உடைந்தாலும் காற்று வராது. அவள் சொன்ன நவம்பர் கெடு அப்படியேதான் இருந்தது. அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அந்த உதிரிப் பாகக்காரரிடம் பேசிவிடவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அக்கா கொடுத்த கரித் துண்டுப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. ஈரத் தலையோடு, மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பட்டறை ஆட்கள் இருவரையும் பெயர் சொல்லித் திட்டினார். பிறகு, துளையில் துணி அடைக்காதது தன் தப்பு என்றார். பிறகு, நீயும்தானே அள்ளி வீசினாய் என்றார்.

"போனை அந்தப் பொண்ணாண்ட குடு. உன் கை நடுங்கும்."

கயல் போனை வாங்கி டப்பா மேல் சாய்த்து வைத்தாள். நான் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டு, அதன் மேல் தகட்டை வை, எட்டு போடுவது மாதிரி தேய், அழுத்தாதே, கரி தன்பாட்டுக்குத் தேயும் என்று அக்கா சொல்லச் சொல்ல அவள் செய்தாள். புரியாத இடத்தில், "திருப்பிச் சொல்லுங்க ஆன்ட்டி, மெல்ல," என்றாள். 'அக்கான்னு சொல்லு' என்று அதட்டல் வந்தது. அவள் கேட்டதெல்லாம் எங்கள் பானெட் தமிழ்தான். மரை, காது, மூலை, மெல்ல, விடு, பொறு. அதற்கு வெளியே அவளுக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சொற்களில் அவளால் தாம்பரத்தில் இருக்கும் ஒருவரோடு முக்கால் மணி நேரம் வேலை செய்ய முடிந்தது. இதைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் தவிர அன்று மாலை நான் எதுவும் செய்யவில்லை.

"உருளையில வெச்சிப் பாரு. தானா வுளுதா?"

"விழுது அக்கா."

"தானா வெளிய வருதா?"

அவள் உருளையைக் கவிழ்த்தாள். ரெக்கை வழுக்கிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

"வருது."

"அப்போ மூடு. நான் பூசைக்குப் போவணும்."

6

நவம்பர் மூன்றாவது வாரம், மூடுபனி இறங்கிய முதல் காலையில் சோதனைக்குப் போனோம். இங்கே மூடுபனி என்றால் முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாது. கயல் ஓட்டினாள். திராட்சைக் கம்பங்கள் ஒவ்வொன்றாக முளைத்து மறைந்தன. அரைத் தூக்கத்தில் மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று தாம்பரம் ரயிலின் நிலையங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் சொல்லித்தான் தெரியும். அடுத்தது என்ன என்று அவள் கேட்டாளாம். குரோம்பேட்டை என்றேனாம்.

தேறியது. தாளில் இந்த முறையும் கைல்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறு அவள் கிளம்பினாள். என் மனைவி பின்சீட்டில் அரிசியும் போர்வையும் ஏற்றினாள். நான் பானெட்டைத் திறந்து, பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் பார்த்தேன். அவளும் வந்து பக்கத்தில் குனிந்தாள். தொப்பி இறுக்கமா என்று கேட்டேன். இறுக்கம் என்றாள். அழுகிறதா என்றேன். இல்லப்பா, நீ? என்றாள். பானெட்டை மூடினோம்.

அன்று அக்காவுக்குச் செய்தி சொன்னபோது, தகடு எதில் வெட்டியது என்று முதல்முறையாகக் கேட்டேன். பதிவுக்காகத்தான் கேட்டேன். பட்டறைப் பரணில் கிடந்த கரிக்கட்டை, அப்பா ரயில்வே ஏலத்தில் எடுத்தது என்றார். பழைய கடற்கரை மின்ரயிலின் கூரையில், மேலே போகும் கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும் சட்டம் இருக்குமே, அதில் பொருத்துகிற கரி என்று அப்பா சொன்னாராம்.

கயலிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னணியில் வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ரெக்கை கொஞ்சம் பாடுதுப்பா, குளிருக்கு," என்றாள். பானெட் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றாள், தமிழிலேயே. தன் வண்டிக்குள் தாம்பரம் ரயில் ஓடுகிறது என்று பனி அளக்கும் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அண்ணனை விசாரிக்கச் சொல்லியிருந்தேன். அவன் தெருவில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அந்த ரயில்களின் சட்டத்தில் உலோகப் பட்டைதான் இருந்தது, கரி இல்லை என்கிறார் அவர். அவருடன் வேலை பார்த்த இன்னொருவர், கடைசிக் காலத்தில் சில பெட்டிகளுக்குக் கரி வந்தது என்கிறார். ஏலத்துக்கான தாள் எதுவும் அக்காவிடம் இல்லை. மிச்சத் துண்டில் எழுத்தோ எண்ணோ இல்லை; பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டேன். இதை அப்படியே கயலிடம் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"பொய்னும் தெரியாதுல்லப்பா?"

தெரியாது. இதை எழுதும் ஜனவரி வரை, அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்பது சரிபார்க்கப்படவில்லை.